எட்டுப் பக்கம், ஒரு பென்னி: விக்டோரியா காலத்து மலிவுத் தொடர்கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னி டிரெட்ஃபுல் என்று எதைச் சொல்கிறார்கள்?

பிரிட்டனில் 1830களில் தொடங்கி அந்த நூற்றாண்டு முடியும்வரை, வாரம் ஓர் இதழாக ஒரு பென்னி விலையில் விற்ற பரபரப்புத் தொடர்கதைகளை. பெரும்பாலும் எட்டுப் பக்கம். பொடி எழுத்து, பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசை, முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படம். உள்ளே வழிப்பறிக் கொள்ளையர்கள், இரத்தக் காட்டேரிகள், கடத்தப்பட்ட பெண்கள், சொத்தைப் பறிகொடுத்த வாரிசுகள், பிணம் திருடுபவர்கள்.

ஆய்வாளர்கள் இதை இரண்டு காலமாகப் பிரிக்கிறார்கள். 1830களிலும் 40களிலும் உழைக்கும் மக்களுக்காக வந்தவை 'பென்னி பிளட்'. 1860களிலிருந்து சிறுவர்களைக் குறிவைத்து வந்தவை 'பென்னி டிரெட்ஃபுல்'. இங்கே வசதிக்காக இரண்டையும் பென்னிக் கதைகள் என்றே சொல்கிறேன்.

ஒரு பென்னி அப்போது சின்னத் தொகையா?

மற்ற புத்தகங்களின் விலையைப் பார்த்தால் மிகச் சின்னத் தொகை. அன்று ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பவுனுக்கு 240 பென்னி. மூன்று பாகங்களாக வந்த மதிப்பான நாவல் ஒன்றின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங், அதாவது 378 பென்னி. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836இல் மாத இதழாக வரத் தொடங்கியபோது ஓர் இதழ் ஒரு ஷில்லிங். அதையே மலிவு என்று கொண்டாடினார்கள். மூடி என்பவர் நடத்திய பெயர் பெற்ற சந்தா நூலகத்தில் கடன் வாங்கிப் படிக்கலாம் என்றால் ஆண்டுச் சந்தா 21 ஷில்லிங். இதில் எதுவும் ஒரு தையல்காரியின் கையிலிருந்த காசுக்கு எட்டாது.

இந்தக் கதைகளைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: இவற்றை எழுதியது ஆசிரியர் அல்ல, விலை. கதை எத்தனை பக்கம், எங்கே நிற்கிறது, எத்தனை வாரம் ஓடுகிறது, படம் ஏன் அப்படி இருக்கிறது என்ற எல்லாவற்றையும் அந்த ஒரு பென்னிதான் தீர்மானித்தது.

ஏன் குறிப்பாக 1830களில் தொடங்கியது?

நீராவியால் ஓடும் அச்சு இயந்திரங்கள் வந்தன. காகிதம் கையால் அல்லாமல் இயந்திரத்தில் தயாரானது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் பைபிள் படிப்பதற்காக எழுத்துக் கற்றவர்கள் நகரங்களுக்கு வந்து குவிந்தார்கள். இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள்.

அதிகம் பேசப்படாத காரணம் வரி. 1836 வரை ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் நான்கு பென்னி முத்திரை வரி. அதன் பிறகு ஒரு பென்னியாகக் குறைந்து, 1855இல்தான் ஒழிந்தது. ஏழைகள் அரசியல் படித்துக் கெட்டுப்போகக் கூடாது என்பது அதன் உள்நோக்கம். ஆனால் செய்தி இல்லாத வெறும் கதைத் தாளுக்கு அந்த முத்திரை தேவையில்லை. அரசியலுக்கு வரி, பேய்க்கு விலக்கு! பிறகு, ஏழைகள் பேய்க்கதையே படிக்கிறார்கள் என்று அதே மேட்டுக்குடியினர் அங்கலாய்த்தார்கள்.

இவற்றை வெளியிட்டவர்கள் யார்?

முதல் தலைமுறையில் ஒரு பெயர்தான் முக்கியம்: எட்வர்ட் லாயிட். 1815இல் பிறந்தவர். லண்டன் ஃப்ளீட் தெருவை ஒட்டிய சாலிஸ்பரி சதுக்கத்தில் அவருடைய அச்சகம் இருந்தது. 'சாலிஸ்பரி சதுக்கக் கதை' என்றாலே மலிவுக் கதை என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்த முகவரி பிரபலமானது.

லாயிடின் அலுவலகம் கதைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தை, அங்கே எழுதிக்கொடுத்த தாமஸ் ஃப்ராஸ்ட் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். கைப்பிரதியைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அதிகம் படிக்காத ஒருவரிடம், வீட்டு வேலைக்காரியிடமோ இயந்திரம் ஓட்டும் பையனிடமோ, கொடுத்துப் பார்ப்பார்களாம். அவர்களுக்குப் பிடித்தால் அச்சுக்குப் போகும். இதைக் கேலியாக எடுத்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் கேலிக்கு இடம் தெரியவில்லை. யாருக்கு விற்கிறோமோ அவரிடம் கேட்பது தவிர ஒரு பதிப்பாளர் வேறு என்ன செய்துவிட முடியும்?

படங்களிலும் லாயிட் கண்டிப்பானவர். இளம் வயதில் அவருக்குப் படம் வரைந்த ஜார்ஜ் அகஸ்டஸ் சாலா, "கண்கள் பெரிதாக இருக்க வேண்டும், இரத்தம் இன்னும் வேண்டும்" என்ற தோரணையில் உத்தரவு வந்ததாக நினைவுகூர்கிறார். ஜன்னலில் தொங்கும் முகப்புப் படம்தான் விளம்பரம். அதற்கென்று தனியாகச் செலவழிக்க அந்த ஒரு பென்னியில் மிச்சம் இருக்காது.

லாயிட் பின்னாளில் இந்தக் கதைகளை விட்டுவிட்டுச் செய்தித்தாளிலேயே முழுதாக இறங்கினார். 1842இல் அவர் தொடங்கிய ஞாயிறு செய்தித்தாள், அவர் மறைந்த பிறகு, 1896இல் பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டது. காகிதத்துக்காகச் சொந்த ஆலை வைத்தார். மூலப்பொருளான எஸ்பார்டோ புல்லுக்காக அல்ஜீரியாவில் நிலம் குத்தகைக்கு எடுத்தார். 1890இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சொத்து ஐந்து லட்சம் பவுனுக்கும் மேல்.

டிக்கன்ஸைத் திருடினார்கள் என்பது உண்மையா?

உண்மை, கொஞ்சமும் வெட்கமில்லாமல் திருடினார்கள். 'தி பென்னி பிக்விக்', 'ஆலிவர் ட்விஸ்', 'நிக்கலஸ் நிக்கில்பெரி' என்று லாயிட் வரிசையாக வெளியிட்டார். டிக்கன்ஸ் அப்போது 'பாஸ்' என்ற புனைபெயரில் எழுதிவந்தார். போலியின் ஆசிரியர் பெயர் 'போஸ்'. இவற்றில் பலவற்றை எழுதியவர் தாமஸ் பெக்கெட் பிரெஸ்ட் என்பவர்.

டிக்கன்ஸின் பதிப்பாளர்கள் 1837இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பலன் கிடைக்கவில்லை. 1844இல் 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையை வேறொரு மலிவு இதழ் திருடியபோது டிக்கன்ஸே வழக்குத் தொடுத்து வென்றார். திருடியவர்கள் திவால் என்று கையை விரித்துவிட, செலவு சுமார் 700 பவுன் டிக்கன்ஸ் தலையில் விழுந்தது. இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு ஷில்லிங் கொடுக்க முடியாத பலர், பிக்விக் என்ற பெயரையே முதலில் கேட்டது அந்தத் திருட்டுப் பதிப்பின் வழியாகத்தான்.

எழுத்தாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

பக்கத்துக்கு அல்லது வரிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே நேரத்தில் பல தொடர்கள் எழுதுவது சாதாரணம். பெயர் அச்சில் வராது. "அவள் எங்கே?" "போய்விட்டாள்." "எங்கே?" "தெரியாது." என்று ஒற்றைச் சொல் உரையாடல்கள் பக்கம் பக்கமாக நீளும்போது கூலிக் கணக்கு ஓடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கூட்டத்தில் திறமைசாலி ஜேம்ஸ் மால்கம் ரைமர். 1842இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மலிவான புகழ் வேண்டுகிற எழுத்தாளன், தான் தீனி போடப்போகிற பிராணிகளை முதலில் நன்றாக ஆராய வேண்டும் என்ற பொருளில் அதில் ஏளனம் செய்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த ஆராய்ச்சியைத் தானே நடத்தினார். தன் பெயரின் எழுத்துகளையே மாற்றிப்போட்டு 'எரிம்', 'மெர்ரி' என்ற புனைபெயர்களிலும் எழுதினார். 1884இல் ஓரளவு வசதியோடு இறந்தார். பிரெஸ்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1859இல் அவர் இறந்தது வறுமையில்.

'வார்னி தி வாம்பயர்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இரத்தக் காட்டேரிக் கதைகளின் வரலாற்றில் அதன் இடம் பெரிது. ரைமர் எழுதி, லாயிட் வெளியிட்டு, 1845 முதல் 1847 வரை ஓடியது. ஆறரை லட்சம் சொற்களுக்கு மேல், 200க்கும் அதிகமான அத்தியாயங்கள். கூரிய பற்கள், கழுத்தில் இரண்டு துளைகள், படுக்கையறை ஜன்னல் வழியாக நுழைவது என்று இன்று காட்டேரி என்றதும் நினைவுக்கு வருபவை பலவும், 'டிராகுலா' வருவதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே இதில் இருக்கின்றன. செத்த வார்னி நிலவொளி பட்டால் உயிர்த்தெழுவான். தன் நிலைமையை எண்ணி வருந்தவும் செய்வான். மக்களுக்குப் பயமும் இரக்கமும் சேர்ந்து வரும் காட்டேரி அவன்.

கதையின் ஓட்டைகளும் அதே அளவுக்குப் பெரியவை. அவன் எப்படிக் காட்டேரி ஆனான் என்பதற்கு ஓர் இடத்தில் ஒரு கதை, வேறோர் இடத்தில் வேறு கதை. முதலில் அவன் உண்மையிலேயே காட்டேரியா, வேடம் போடும் மோசடிக்காரனா என்பதே தெளிவில்லை. பான்னர்வொர்த் என்ற குடும்பத்தைப் பல மாதங்கள் துரத்திவிட்டு, அந்தச் சரக்கு தீர்ந்ததும் வேறு ஊர், வேறு பெண், வேறு திருமணம். ஒவ்வொரு திருமணமும் கடைசி நேரத்தில் நிற்கும். விற்பனை இருக்கும்வரை கதையை முடிக்க எந்தப் பதிப்பாளரும் விடமாட்டார். கடைசியில் வார்னி தானே வெசுவியஸ் எரிமலையின் வாய்க்குள் குதித்துவிடுகிறான். வேறு எப்படித்தான் அவனைச் சாகடிப்பது? நிலவொளி எட்டாத இடம் வேண்டுமே.

ஸ்வீனி டாட் உண்மையில் வாழ்ந்த மனிதனா?

இல்லை. ஃப்ளீட் தெரு முடிதிருத்துபவன் ஸ்வீனி டாட், லாயிடின் ஒரு வார இதழில் 1846 நவம்பர் முதல் 1847 மார்ச் வரை வந்த 'தி ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்' என்ற தொடரில் பிறந்தவன். நாற்காலி கவிழும், வாடிக்கையாளர் தலைகீழாக நிலவறைக்குள் விழுவார், பிறகு பெல் யார்டில் உள்ள திருமதி லவெட்டின் கடையில் இறைச்சிப் பணியாரமாக விற்பனைக்கு வருவார். கதைத் தலைப்பில் உள்ள முத்துமாலை, கொல்லப்பட்ட மாலுமி ஒருவர் ஜோஹன்னா என்ற பெண்ணிடம் சேர்ப்பிக்கக் கொண்டுவந்தது.

தொடர் முடிவதற்கு முன்பே, 1847 மார்ச் தொடக்கத்தில், ஹாக்ஸ்டனில் உள்ள பிரிட்டானியா அரங்கில் நாடகமாக வந்துவிட்டது. உண்மைச் சம்பவம் என்ற விளம்பரமும் நாடகத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த வதந்தி இன்றும் சாகவில்லை. எழுதியவர் யார் என்பதில் முன்பு பிரெஸ்டின் பெயர் அடிபட்டது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ரைமரையே சொல்கிறார்கள்.

பணியாரத்தில் என்ன இறைச்சி இருக்கிறது என்ற பயம் லண்டன் தொழிலாளிக்குக் கற்பனை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். உணவுக் கலப்படத்துக்கு எதிரான முதல் பொதுச் சட்டம் 1860இல்தான் வந்தது.

ரெயினால்ட்ஸ் ஏன் தனித்துப் பேசப்படுகிறார்?

ஜார்ஜ் டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸுக்கு அரசியல் இருந்தது. பிரான்ஸில் யூஜின் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்கள்' தொடரைப் பார்த்து, 1844இல் 'தி மிஸ்ட்ரீஸ் ஆஃப் லண்டன்' தொடரைத் தொடங்கினார். ஒரு பக்கம் பிணம் தோண்டி விற்கும் கொலைகாரன், மறுபக்கம் அரண்மனையின் ஊழல். அதன் நடுவே திடீரென்று ஒரு கணக்கு: அரசியாரின் ஆண்டு வருமானம் 5,00,000 பவுன், பிரபுக்களுக்கு 30,000, குருமார்களுக்கு 7,500, நடுத்தர வகுப்பாருக்கு 300, உழைப்பாளிக்கு 20. அந்த 20 பவுனை வாரத்துக்குப் பிரித்தால் தொண்ணூற்றிரண்டு பென்னி வரும். அதில் ஒன்றைக் கொடுத்து வாங்கிய தாளில் ஒருவர் இந்தக் கணக்கைப் படிக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1848 மார்ச்சில் டிரஃபால்கர் சதுக்கத்தில் வருமான வரிக்கு எதிராகக் கூட்டம் அறிவித்தவர் பின்வாங்கிவிட, ரெயினால்ட்ஸ் தலைமை ஏற்று அப்போதுதான் நடந்திருந்த பிரெஞ்சுப் புரட்சியைப் பாராட்டிப் பேசினார். உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1850இல் அவர் தொடங்கிய வாரச் செய்தித்தாள் அவர் காலத்துக்குப் பின்னும் நெடுநாள் ஓடியது. அவரது கதைகளில் ஆபாசம் இருந்தது, வக்கிரம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அன்றைய மேட்டுக்குடி விமர்சகர்களை உறுத்தியது அது மட்டும்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இவற்றை எப்படி அறிந்தார்கள்?

காதால். தள்ளுவண்டியில் காய்கறி, மீன் விற்கும் லண்டன் தெரு வியாபாரிகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ எழுதிய பதிவுகள் 1851இல் நூலாக வந்தன. படிக்கத் தெரிந்த ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் கதை கேட்டதை அதில் விவரிக்கிறார். ரெயினால்ட்ஸ்தான் அவர்களுக்கு மிகவும் பிடித்தவர். கேட்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். படத்தைக் காட்டி இது யார், ஏன் இப்படிச் செய்கிறான் என்று கேள்வி மேல் கேள்வி. கதையில் போலீஸ்காரன் வந்தால் அத்தனை பேரும் அவனுக்கு எதிர்க்கட்சி. ஆகவே ஓர் இதழ் விற்றால் ஒரு வாசகர் என்று கணக்குப் போடக் கூடாது.

பெண்கள் படித்தார்களா?

நிறைய. பெண்களை மையமாக வைத்த குடும்பக் கதைகள் லாயிடின் பட்டியலில் ஏராளம். ரைமரின் 'ஏடா தி பிட்ரேய்ட்' 1843இல் அவருக்குப் பெரிய வெற்றி. காட்டேரியும் முடிதிருத்துபவனும் மட்டும் இன்றுவரை நினைவில் நின்றதால், மொத்தமும் ஆண்பிள்ளைச் சமாச்சாரம் என்ற தோற்றம் ஏற்பட்டுவிட்டது.

சிறுவர் கைக்கு எப்போது போனது?

1860களில். பெரியவர்கள் மலிவான ஞாயிறு செய்தித்தாள்களுக்கும் குடும்ப இதழ்களுக்கும் நகர்ந்துவிட்டார்கள். காகித வரி 1861இல் ஒழிந்ததால் விலை இன்னும் தாக்குப்பிடித்தது. கையில் காசு புரளும் புதிய கூட்டத்தைப் பதிப்பாளர்கள் கண்டார்கள்: அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த பையன்கள்.

எட்வர்ட் வைல்ஸ் எழுதிய 'பிளாக் பெஸ்' வழிப்பறிக்காரன் டிக் டர்பினின் கதை. 254 வாரம், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். அசல் டர்பின் 1739இல் யார்க்கில் தூக்கிலிடப்பட்ட குதிரைத் திருடன். கதையில் அவன் வள்ளல். லண்டனின் சாக்கடைகளில் வாழும் பையன்களைப் பற்றிய 'தி வைல்ட் பாய்ஸ் ஆஃப் லண்டன்' மறுபதிப்பாக வந்தபோது, 1877இல் போலீஸ் தலையிட்டு நிறுத்தியது.

இவை சிறுவர்களைக் குற்றவாளிகள் ஆக்கினவா?

அன்றைய நீதிபதிகளும் பாதிரிமார்களும் பத்திரிகைகளும் அப்படித்தான் நம்பினார்கள். கல்லாப்பெட்டியில் கைவைத்துப் பிடிபட்ட பையனின் சட்டைப்பையில் ஒரு பென்னிக் கதை இருந்தால் வழக்கு முடிந்தது.

மிகப் பிரபலமானது 1895இல் நடந்தது. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ராபர்ட் கூம்ப்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன் தன் தாயைக் கொன்றான். தந்தை கடலில் வேலையாக இருந்தார். அவனும் 12 வயதுத் தம்பியும் உடல் மாடியில் கிடக்க, பல நாட்கள் அதே வீட்டில் இருந்தார்கள், கிரிக்கெட் பார்க்கவும் போனார்கள். வீட்டில் பென்னிக் கதைகள் கிடைத்தன. இத்தகைய எழுத்தை அரசு தடுக்க வேண்டும் என்று மரண விசாரணை நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். ராபர்ட் மனநிலை பாதிக்கப்பட்டவன் என்று தீர்மானித்து பிராட்மூர் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 1912இல் விடுதலையாகி ஆஸ்திரேலியா போனான். முதல் உலகப் போரில் கலிப்போலியில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் பணியில் இருந்து வீரப் பதக்கம் பெற்றான். அவன் படித்த கதைகள்தான் அவனைச் செய்தன என்றால், கொலைக்கும் பதக்கத்துக்கும் சேர்த்தே கணக்குச் சொல்லவேண்டும்.

1870 கல்விச் சட்டத்தால் ஏழைப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கத் தொடங்கியிருந்த காலம் இது. கோடீஸ்வரன் வீட்டுப் பையன் கொலைக்கதை படித்தால் பொழுதுபோக்கு, எடுபிடிப் பையன் படித்தால் சமூக ஆபத்து. 1901இல் ஜி. கே. செஸ்டர்டன் இந்தப் போலித்தனத்தைச் சாடிப் பென்னிக் கதைகளுக்காக வாதாடினார்.

எப்படி ஒழிந்தன?

நல்ல இலக்கியத்தால் அல்ல. 1879இல் மதநூல் வெளியீட்டுச் சங்கம் 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்ற நல்லொழுக்க வார இதழை, அதே ஒரு பென்னிக்கு, களமிறக்கியது. நன்றாகவே விற்றது. ஆனால் அடி விழுந்தது வேறு திசையிலிருந்து. 1893இல் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் அரை பென்னிக்கு 'ஹாஃப்பென்னி மார்வெல்' இதழைத் தொடங்கினார். பென்னிக் கதைகளின் நஞ்சை ஒழிக்க வந்ததாக முழங்கினார். உள்ளே இருந்ததும் துப்பாக்கியும் துரத்தலும்தான். துப்பறியும் செக்ஸ்டன் பிளேக் அங்கேதான் பிறந்தார். விலை பாதியானது, கதை முடிந்தது.

தமிழுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

ரெயினால்ட்ஸ் வழியாக நேரடித் தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் அவர் மறக்கப்பட்ட பிறகும் இந்தியாவில் அவரை விரும்பிப் படித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவி எழுதிக் குவித்தார். தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் ஒரு நாவலைத் தழுவித்தான் 'குமுதவல்லி நாகநாட்டரசி' எழுதினார். லண்டன் தெரு வியாபாரிகளின் எழுத்தாளர் தமிழ்ப் புலவரின் மேசைக்கு வந்த இந்தப் பயணத்தைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம்.

இன்று எங்கே கிடைக்கும், எதில் தொடங்கலாம்?

மட்டமான காகிதம், படித்ததும் அடுப்புக்கோ பொட்டலத்துக்கோ போய்விடும். எஞ்சியவற்றில் பெரும்பங்கு, பாரி ஓனோ என்ற மேடைக் கலைஞர் பைத்தியம்போலச் சேர்த்து வைத்தவை. அவர் இறந்தபின் 1941இல் அந்தத் தொகுப்பு இன்றைய பிரிட்டிஷ் நூலகத்திடம் வந்து சேர்ந்தது. முக்கியமான கதைகள் காப்புரிமை தீர்ந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் 'தி ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்' படியுங்கள். இவற்றில் அதுதான் அளவானது, இறுக்கமானது. ரெயினால்ட்ஸை அத்தியாயம் அத்தியாயமாக, அவசரமில்லாமல் படிக்கலாம். வார்னியை முழுதாகப் படிக்க முயலவேண்டாம். ஆலங்கட்டி மழையும் கண்ணாடியைச் சுரண்டும் நகங்களுமாக வரும் முதல் அத்தியாயம் இன்றும் பயமுறுத்தும். அங்கிருந்து ஒரு பத்து அத்தியாயம், பிறகு நேராக வெசுவியஸ். நடுவில் எதையும் தவறவிட்டதாக உணரமாட்டீர்கள்.